கடல் கடந்த உழைப்பு: வரவும் செலவும்

நமுனுகுல என்னும் சிங்களப் பெயருக்கு ஒன்பது சிகரங்கள் என்பது பொருள். ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரமான இந்த மலையின் சரிவுகளிலும் அதைச் சூழவும் கனவரல்ல, பிங்கராவ, ஸ்பிரிங்வெலி முதலான தேயிலைத் தோட்டங்கள் அமைந்துள்ளன. இத்தோட்டங்களின் லயங்களில் "அக்கா எங்கே?" என்று கேட்டால், "மலைக்குப் போயிருக்கிறார்" என்ற பதிலைப் போலவே "வெளிநாடு போயிருக்கிறார்" என்ற பதிலும் இன்று சாதாரணமாகிவிட்டது. சவூதி, குவைத், கட்டார், ஜோர்தான் என்ற பெயர்கள் பசறை, பண்டாரவளை என்ற பெயர்களைப் போல நம் பிள்ளைகளின் வாயில் பழகிவிட்டன.

வெளிநாடு செல்வது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. போவதும் போகாதிருப்பதும் அந்தந்தக் குடும்பம் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஆயினும் ஒரே நாட்டுக்கு, ஒரே வேலைக்குப் போன இருவரில் ஒருவர் வீடு கட்டி நிம்மதியாக இருக்கிறார். மற்றவர் போனபோது இருந்த கடனைவிடப் பெரிய கடனோடு திரும்புகிறார். இது எப்படி நேர்கிறது? எல்லாவற்றையும் தலைவிதி என்று சொல்லிவிட முடியாது. எந்த நிலையில் புறப்பட்டோம், கையில் என்ன பத்திரம் இருந்தது, தலையில் எவ்வளவு கடன் இருந்தது, திரும்பி வர வழி இருந்ததா என்பவையே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. இவற்றை நாம் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

1. இது நமக்குப் புதிய பயணம் அல்ல

மலையக மக்களாகிய நாமே கடல் கடந்து உழைக்க வந்தவர்களின் வாரிசுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களிலே பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய குடும்பங்களிடம் கங்காணி வந்தார். கடனை அடைக்கவும் வழிச் செலவுக்கும் முற்பணம் தந்தார். அந்தப் பணம் இனாமாகத் தரப்பட்டதன்று. தோட்டத்திற்கு வந்து சேர்ந்த அன்றே தொழிலாளியின் பெயரில் அது கடனாக எழுதப்பட்டது. முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்னே, முதல் கவ்வாத்துக்குக் கத்தி எடுக்குமுன்னே அவர் கடனாளியாகிவிட்டார்.

வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் "துண்டு" வேண்டும். தொழிலாளி செலுத்த வேண்டிய கடன் எவ்வளவு என்பதை எழுதித் துரை கொடுக்கும் சீட்டே துண்டு ஆகும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறினாலும் கடன் மாறாது, கூடவே வரும். இந்தத் துண்டு முறை 1921 ஆம் ஆண்டிலேயே ஒழிக்கப்பட்டது.

பின்னர் வந்த துன்பம் பத்திரம் இல்லாத துன்பம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம் மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. பதுளையிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் புகையிரதம் ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தன. எஞ்சியோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலும் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலுமே தீர்ந்தது. பிரசாவுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு இல்லை. ஆகவேதான், நாட்டின் ஏனைய பகுதிப் பெண்கள் மத்திய கிழக்கிற்குச் செல்லத் தொடங்கிப் பல ஆண்டுகளின் பின்னரே தோட்டப் பெண்கள் பெருமளவில் செல்ல முடிந்தது.

இந்தப் பழங்கதையை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. முற்பணமும் பத்திரமும் ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை எப்படிக் கட்டிப்போடும் என்பதை உலகில் வேறு எவரையும்விட நாம் நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

2. ஏன் போகிறார்கள்?

"ஆசைப்பட்டுப் போகிறார்கள்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். தோட்டங்கள் 1992 இல் தனியார் கம்பனிகளின் முகாமைக்கு விடப்பட்டன. நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்று தொழிலாளர் பல ஆண்டுகள் போராடியபின், 2021 இல் தான் அது கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாதம் 20 நாள் பெயர் விழுந்தால் அந்தச் சம்பளத்தில் 27,000 ரூபா. அதிலிருந்து சேமலாப நிதி, கடை, கோவில், சந்தா எனக் கழிவுகள் போகும். மழைக்காலத்திலும் வரட்சியிலும் வேலை நாள் குறையும். அரிசி, மா, மருந்து, பாடசாலைச் செலவு ஆகியவற்றின் விலையோ 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை.

அந்த 2022 இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் பதிவு செய்துகொண்டு வேலைக்காக வெளிநாடு சென்றனர். ஆகவே போகிறவர்கள் தோட்டத்தார் மட்டுமல்லர். பட்டம் பெற்றவர்களும் தாதியரும் பொறியியலாளரும் போகிறார்கள். ஒரு வேற்றுமை உண்டு. அவர்கள் படிப்பையும் சான்றிதழையும் கொண்டு போகிறார்கள். நம் சகோதரிகளில் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக, பிறர் வீட்டுக் கதவுக்குள் போகிறார்கள். நம் இளைஞர்கள் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறார்கள். தொழிற்சாலையிலோ கட்டடத்திலோ உழைப்பவருக்குப் பக்கத்தில் நான்கு பேராவது இருப்பார்கள். வீட்டுக்குள் உழைப்பவருக்குச் சாட்சி இல்லை.

3. கிடைக்கும் நன்மைகள்

நன்மைகளை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அடகில் மூழ்கவிருந்த நகைகள் மீண்டிருக்கின்றன. சாதாரண தரத்தோடு நின்றிருக்க வேண்டிய பிள்ளைகள் உயர்தரம் படித்து ஆசிரியர்களாகியுள்ளனர். ஓலை வேய்ந்த குசினியும் ஒற்றைக் காம்பராவுமாக இருந்த இடத்தில் அறைகளும் மலசலகூடமும் வந்துள்ளன. முச்சக்கர வண்டி வாங்கி, சிறு கடை போட்டுத் தோட்டச் சம்பளத்தை நம்பாமல் வாழும் குடும்பங்களும் உள்ளன.

பணத்தால் அளக்க முடியாத நன்மைகளும் உண்டு. அதுவரை தன் சம்பளத்தைத் தானே கையெழுத்திட்டு வாங்கியிராத பெண், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார். அரபு மொழி பேசப் பழகுகிறார்; நோயாளரையும் முதியோரையும் பராமரிக்கக் கற்கிறார். திரும்பி வந்தபின் வீட்டுக் காரியங்களில் அவரது சொல்லுக்கு மதிப்பு ஏற்படுகிறது. பிரதேச செயலகத்துக்கோ வங்கிக்கோ செல்ல அவர் பயப்படுவதில்லை.

நாட்டுக்குக் கிடைக்கும் நன்மையும் சிறிதல்ல. வெளிநாட்டில் உழைப்போர் 2021 இல் சுமார் 5.5 பில்லியன் டொலர் அனுப்பினர். 2022 இல் அது சுமார் 3.8 பில்லியனாகக் குறைந்தபோது எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு எவ்வளவு தவித்தது என்பதை நாம் கண்டோம். 2024 இல் அது மீண்டும் 6.5 பில்லியன் டொலரைத் தாண்டியது. தேயிலையால் நாட்டைத் தாங்கிய கைகள் இன்று இவ்வழியாகவும் தாங்குகின்றன.

4. எதிர்நோக்கும் துன்பங்கள்

மத்திய கிழக்கு நாடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர் பெரும்பாலும் "கஃபாலா" என்னும் பொறுப்பாளர் முறையின் கீழேயே வேலை செய்கின்றனர். தொழிலாளிக்குப் பொறுப்பாக நிற்கும் எசமானர் "கஃபீல்" எனப்படுவார். அங்கு தங்குவதற்கான அனுமதி அட்டையாகிய "இக்காமா" அவர் மூலமே கிடைக்கும். அவர் வீட்டை விட்டு அனுமதியின்றி வெளியேறினால், அடித்துத் துரத்தப்பட்டிருந்தாலும்கூட, சட்டத்தின் பார்வையில் "ஓடிப்போனவர்" என்று பதியப்படும் ஆபத்து உள்ளது. கடவுச்சீட்டை எசமானர் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் சேர்ந்துவிட்டால், நல்ல எசமானர் வாய்ப்பதும் கெட்டவர் வாய்ப்பதும் அதிர்ஷ்டமாகிவிடுகிறது.

நிலைமை சிறிது சிறிதாக மாறி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். குவைத் 2015 இல் வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அது வாரத்தில் ஒருநாள் ஓய்வையும், நாளொன்றுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேற்படாத வேலையையும் விதித்தது. கட்டாரில் 2021 முதல் வீட்டுப் பணியாளருக்கும் 1,000 றியால் என்ற குறைந்தபட்ச மாதச் சம்பளம் சட்டமாயிற்று. சர்வதேச தொழில் அமைப்பு 2011 இல் வீட்டுப் பணியாளருக்கான 189 ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. ஆயினும் சட்டம் வீட்டு வாசல் வரை வருகிறது. குசினிக்குள் நுழைவது கடினம். சட்டம் இருப்பதை அறிந்தவரே அதைக் கேட்க முடியும். அதனால் செல்லும் நாட்டில் தமக்குள்ள உரிமை என்ன என்பதைப் புறப்படுமுன் அறிந்திருப்பது அவசியம்.

இங்கு மூன்று உண்மை நிகழ்வுகளை நாம் பாடமாகக் கொள்வோம்.

முதலாவது, 1990 ஓகஸ்ட் 2 இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றிய நிகழ்வு. அப்போது ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையர் குவைத்தில் இருந்தனர். உடுத்த உடையோடு பாலைவனம் கடந்து, ஜோர்தான் முகாம்களில் தங்கி, வெறுங்கையோடு வந்தவர்கள் பலர். பின்னர் ஐக்கிய நாடுகள் சபை நட்டஈட்டு ஆணைக்குழுவொன்றை அமைத்தபோது, நட்டஈடு பெறக் குவைத்தை விட்டு வெளியேறியதைக் காட்டும் பத்திரங்கள் கேட்கப்பட்டன. யுத்தத்தைத் தடுக்கப் பணிப்பெண்ணால் முடியாது. ஆனால் கடவுச்சீட்டினதும் ஒப்பந்தத்தினதும் பிரதியொன்று வீட்டுப் பெட்டியில் இருந்தால், அது எவ்வளவு பெறுமதியானது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இரண்டாவது, மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் கதை. பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988 இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று இருந்தது. வயது கூட்டப்பட்ட அந்தக் கடவுச்சீட்டில் 2005 இல் 17 வயதில் அவர் சவூதி சென்றார். சென்ற சில வாரங்களில் அவரிடம் விடப்பட்டிருந்த கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, எத்தனையோ முறையீடுகளின் பின்பும், 2013 ஜனவரி 9 அன்று அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் சிறுமியாக இருந்தார் என்று உலகமே கூறியது. கையிலிருந்த பத்திரம் அவர் வயது வந்தவர் என்று கூறியது.

மூன்றாவது, 2022 இல் ஓமானில் வெளிப்பட்டது. வேலை விசா இல்லாமல் சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள், அங்கு வீடுகளுக்கு விற்கப்பட்டது போல் கைமாற்றப்பட்டனர் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணை நடத்தியது. சுற்றுலா விசாவில் போகிறவருக்குத் தொழிலாளி என்ற அந்தஸ்தே இல்லை. பணியகத்தில் பதிவு இல்லை, காப்புறுதி இல்லை, எந்த வீட்டில் இருக்கிறார் என்பது தூதரகத்துக்கும் தெரியாது.

இம்மூன்றிலும் பொதுவாக உள்ளது பத்திரம். தோட்டத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நம்மவரிடையே பிறப்பு காலந்தாழ்த்திப் பதியப்படுவதும், ஒரே ஆளின் பெயர் செக்ரோலில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருப்பதும் சாதாரணம். இந்தக் குழப்பத்தைத்தான் கள்ள முகவர் பயன்படுத்திக்கொள்கிறார். "வயதை நான் பார்த்துக்கொள்கிறேன், பெயரை நான் மாற்றித் தருகிறேன்" என்கிறார். வேறு பெயரில் போனவர் காணாமற் போனால் அல்லது இறந்தால், எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது?

5. முற்பணம் என்னும் சங்கிலி

இப்போது நாம் மிக முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். முன்னர் வெளிநாடு போகும் பெண்தான் முகவருக்குப் பணம் கட்டினார். அதற்காக நகை அடகு வைத்தார்; வட்டிக்கு வாங்கினார். பின்னர் பணிப்பெண்களுக்கான கேள்வி கூடியபோது நிலைமை தலைகீழாகியது. முகவர் நிலையமே, சவூதி போன்ற நாடுகளுக்குச் செல்ல இணங்கும் பெண்ணின் கையில் சில இலட்சம் ரூபாவை வைக்கத் தொடங்கியது. வீடு தேடி வரும் உப முகவர், "ஒரு சதமும் செலவில்லை, போகுமுன்பே கைக்குக் காசு" என்கிறார். கடனில் தவிக்கும் குடும்பத்துக்கு அது கடவுள் தந்த வரம் போலத் தெரிகிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அங்குள்ள எசமானர் ஒரு பணிப்பெண்ணைப் பெறுவதற்கு அந்நாட்டு முகவருக்குப் பெருந்தொகை செலுத்துகிறார். அதில் ஒரு பங்கு கொழும்பு முகவருக்கு வருகிறது. அதிலிருந்து உப முகவரின் தரகும் பெண்ணின் முற்பணமும் போகின்றன. வழக்கமாக முதல் மூன்று மாதம் தவணைக் காலம். அதற்குள் பெண் வேலையை விட்டால் முகவர் வேறு ஆளைத் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஆகவே அந்தப் பெண் அங்கிருந்து அழுதுகொண்டு தொலைபேசி எடுக்கும்போது, "பொறுத்துக்கொள், போகப் போகச் சரியாகும்" என்றே முகவர் சொல்வார். "வரவே வேண்டுமென்றால் வாங்கிய பணத்தைக் கட்டிவிட்டு வா" என்பார். பணமோ கூரைத் தகரமாகவும் பழைய கடனாகவும் செலவாகியிருக்கும். எசமானரும், "உனக்காக இவ்வளவு கொடுத்தேன்" என்று அந்தப் பெண்ணையே வாங்கிவிட்டவர் போல் நடக்கத் துணிகிறார்.

கங்காணியின் முற்பணத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? துண்டு முறை சட்டத்தில் ஒழிந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. கடன் தீரும்வரை ஆளைப் பிடித்து வைக்கும் வழக்கம் வேறு உருவில் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. முற்பணத்தின் உண்மையான விலை அதன் தொகை அல்ல. திரும்பி வரும் சுதந்திரமே அதன் விலை.

வட்டிக் கடனும் இத்தகையதே. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சகோதரிக்கு மாதம் 80,000 ரூபாவுக்குச் சமமான சம்பளம் கிடைக்கிறது என்றும், ஊரில் 200,000 ரூபா கடன் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 24 மாதம்.

அ. வீட்டுக்கு மாதம் 30,000 ரூபாவை மட்டும் ஒதுக்கி, மாதம் 40,000 ரூபா முதலும் அந்தந்த மாத வட்டியும் கட்டினால், ஐந்து மாதத்தில் கடன் தீரும். வட்டியாகப் போவது 10,000, 8,000, 6,000, 4,000, 2,000 என மொத்தம் 30,000 ரூபா. மீதி 19 மாதமும் மாதம் 50,000 ரூபா கையில் நிற்கும்.

ஆ. வட்டியை மட்டும் மாதம் 10,000 ரூபாவாகக் கட்டி வந்தால், 24 மாதத்தில் 240,000 ரூபா போய்விடும். முதல் 200,000 ரூபா அப்படியே நிற்கும்.

இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 210,000 ரூபா. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தைத்தான் கழுவினார்கள். முதலாமவர் தனக்கு உழைத்தார். இரண்டாமவர் வட்டிக்காரருக்கு உழைத்தார். முதல் ஐந்தாறு மாதத்துச் சம்பளம் எங்கே போகிறது என்பதுதான் முழுப் பயணத்தின் முடிவையும் தீர்மானிக்கிறது. சிலருக்கு முதல் சம்பளம் காலந்தாழ்த்தி வருவதும் உண்டு. ஆதலால் குறைந்தது மூன்று மாதம் சமாளிக்க வீட்டில் வழி இருக்க வேண்டும்.

6. விட்டுச் செல்லும் வீடு

தாய் போனபின் பிள்ளையின் தலையைச் சீவிவிடுவது யார்? பிள்ளை மடுவத்திலிருந்து கூட்டி வருவது யார்? காய்ச்சல் வந்தால் பசறை ஆஸ்பத்திரிக்கோ பதுளைக்கோ தூக்கிப் போவது யார்? பெரும்பாலும் பாட்டிதான். அவர் தாமே கொழுந்து பறித்து ஓய்ந்தவர். வயதுக்கு வந்த மகள் படிப்பை விட்டுத் தம்பி தங்கையருக்குத் தாயாகிவிடுவதும் நடக்கிறது. அங்கே ஒரு தாய் பிறர் பிள்ளைக்குப் பால் கரைக்கும்போது, இங்கே அவர் பிள்ளை பாடசாலைக்கு வெறும் தேநீரோடு போகிறது.

2013 இல் அரசாங்கம் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உடைய தாய்மாருக்குத் தடை ஏற்பட்டது. பிள்ளைகளைக் காக்கும் நோக்கம் நல்லது. ஆனால் தகப்பனுக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் இருக்கவில்லை. தடைக்கு அஞ்சிய தாய்மார் பலர் பிள்ளை இருப்பதை மறைத்தும் சுற்றுலா விசாவிலும் போனார்கள். 2022 இல் இவ்விதிகள் தளர்த்தப்பட்டன. பணிப்பெண்ணாகச் செல்வதற்கான குறைந்தபட்ச வயதும் எல்லா நாடுகளுக்கும் 21 ஆக்கப்பட்டது. விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவதால், புறப்படுமுன் அன்றைய விதியைப் பணியகத்தில் கேட்டறிவதே பாதுகாப்பு.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. அனுப்பும் பணம் சாராயக் கடைக்குப் போனால் அதற்குப் பொறுப்பு தாயல்ல. வீட்டில் நிற்கும் கணவர் சமைக்கவும், துவைக்கவும், பாடசாலைக் கூட்டத்துக்குப் போகவும் முன்வரும் குடும்பங்கள் நன்றாகவே நிமிர்ந்திருக்கின்றன. அயலவராகிய நமக்கும் கடமை உண்டு. வெளிநாட்டில் உள்ள பெண்ணைப் பற்றி வதந்தி பேசாதிருப்பது அவற்றில் முதலாவது.

7. தோட்டத்தில் இழக்கக் கூடாதவை

நம் சகோதரிகள் புறப்படும் அவசரத்தில் கவனியாது விடும் சில விடயங்கள் உண்டு.

சொல்லாமல் போனால் தோட்டத்தில் பெயர் வெட்டப்படும். அதற்குமுன் செய்த சேவைக்கு உரிய பணிக்கொடையை நாம் மறந்துவிடக் கூடாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத சேவை உள்ளவருக்கு, நாட்சம்பளக்காரரானால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் உரியது. சேமலாப நிதியில் உள்ள பணம் பெண்களுக்கு 50 வயதில் கிடைக்கும். ஆகவே அங்கத்துவ இலக்கத்தையும் வருடக் கணக்கு அறிக்கைகளையும் பத்திரமாக வைக்க வேண்டும். எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்துப் பிரதி வாங்கிக்கொள்வது நல்லது.

மற்றது வீடு. பல ஆண்டு வியர்வையை லயக் காம்பராவோடு ஒட்டிக் கட்டும் அறைகளில் கொட்டுகிறோம். அந்தக் காணிக்கு நம் பெயரில் உறுதி உண்டா? தோட்டக் காணியில் உறுதியில்லாமல் கட்டிய கட்டடத்தை விற்கவும் முடியாது, வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது. கட்ட வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளைகள் இருக்க முடியாது. எனினும் உழைப்பு முழுவதையும் அதில் போடுமுன் காணியின் நிலையை விசாரிக்க வேண்டும். உறுதியுள்ள சிறு துண்டுக் காணி, கறவை மாடு, தையல் இயந்திரம், பிள்ளையின் படிப்பு ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

8. நாம் செய்யக் கூடியவை

போகுமுன்:
- வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரா என்பதைப் பணியகத்திலோ பிரதேச செயலகத்திலோ உறுதிசெய்வோம். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றி ஆள் சேர்ப்பது குற்றம். 1989 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் பணியகத்திடம் கேட்கலாம்.
- பணியகத்தில் பதிவு செய்து பயிற்சியை முழுமையாகப் பெறுவோம். பதிவு இருந்தாலே காப்புறுதி உண்டு.
- சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகமாட்டோம். வயதையும் பெயரையும் மாற்றவிடமாட்டோம்.
- ஒப்பந்தத்தை விளங்கும் மொழியில் வாசித்துக் கேட்டபின்பே கையெழுத்திடுவோம்.
- கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், முகவரின் விபரம், எசமானரின் முகவரி ஆகியவற்றின் பிரதிகளை வீட்டிலும், நம்பிக்கையான இன்னோர் இடத்திலும் வைப்போம்.
- முற்பணம் வாங்கினால் எவ்வளவு, எந்த நிபந்தனை, இடையில் திரும்பினால் என்ன என்பதை எழுத்தில் கேட்போம். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

போனபின்:
- இரண்டு கணக்குகள் வைப்போம். ஒன்று வீட்டுச் செலவுக்கு. மற்றது உழைப்பவரின் பெயரில் மட்டும்.
- சம்பளம் கிடைத்த தேதியையும் தொகையையும் சிறு கொப்பியில் குறித்து வருவோம். வழக்கு என்று வந்தால் அதுவே சாட்சி.
- தூதரகத்தின் தொலைபேசி இலக்கத்தை மனப்பாடம் செய்வோம். கைத்தொலைபேசியைப் பறித்தாலும் மனதில் உள்ளதைப் பறிக்க முடியாது.

திரும்பும்போது:
- வரும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே, வந்து என்ன செய்வது என்பதைக் குடும்பத்தோடு பேசுவோம். திட்டமின்றி வந்தவரே ஓராண்டில் மீண்டும் உப முகவரைத் தேடிப் போகிறார்.

ஊராகச் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் மாதர் சங்கமோ வேறு குழுவோ ஒரு கொப்பியைப் பேணலாம். யார், எந்த நாட்டுக்கு, எந்த முகவர் மூலம், எப்போது போனார், கடைசியாக எப்போது பேசினார் என்று குடும்பத்தின் சம்மதத்தோடு அதில் எழுதலாம். இரண்டு மாதம் சத்தம் இல்லையென்றால் குழுவாகச் சென்று முறையிடலாம். தனித்த ஒரு தாயின் அழுகை அலுவலக வாசலில் நின்றுவிடும். பத்துப் பேர் கையெழுத்திட்ட கடிதத்துக்கு இலக்கமிட்டுப் பதில் தர வேண்டிவரும். குறைந்த வட்டியில் அவசரக் கடன் தரும் சேமிப்புக் குழு ஒன்று நம் லயத்தில் இருந்தால், உப முகவரின் முற்பணத்துக்கு இருக்கும் கவர்ச்சி பாதியாகக் குறையும். அதைத் தொடங்கப் பெருந்தொகை தேவையில்லை; வாரம் ஒருநாள் கூடுவதும் ஒழுங்கான கணக்கும் போதும்.

குழுவாகச் சிந்திக்க:

1. நம் தோட்டத்திலிருந்து சென்று நன்மை அடைந்த ஒருவரும் துன்பம் அடைந்த ஒருவரும் புறப்பட்டபோது இருந்த நிலையில் என்ன வேறுபாடு கண்டீர்கள்?
2. நம் பிரிவில் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுபாடு உள்ளவர்கள் எத்தனை பேர்? அதைத் திருத்த யாரிடம் செல்ல வேண்டும்?
3. தாய் வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்கிறோம்? என்ன செய்யலாம்?
4. ஒரு குடும்பம் முற்பணம் வாங்கத் தீர்மானிக்குமுன் நாம் அவர்களிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?
5. வாரம் 100 ரூபா வீதம் 20 பேர் சேமித்தால் ஓராண்டில் எவ்வளவு சேரும்? அதைக் கொண்டு எத்தனை குடும்பங்களின் அவசரத் தேவையைத் தீர்க்கலாம்?